மழையின் அளவும் முடியின் எல்லையும்: சீனத் தொன்மத்திலும் செவ்விலக்கியத்திலும் டிராகன் அரசர்கள்

ஆய்வுச்சுருக்கம்

சீனத் தொன்மங்களில் கடல், ஆறு, ஏரி ஆகியவற்றின் அடியில் அரண்மனை அமைத்து ஆள்பவர்களாக டிராகன் அரசர்கள் சித்திரிக்கப்படுகின்றனர். முடி, அவை, படை, குடும்பம் என அரசுக்குரிய அனைத்தும் அவர்களுக்கு உண்டு. எனினும் அவர்களது முதன்மைப் பணியாகிய மழைபொழிதலைத் தம் விருப்பப்படி நிகழ்த்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. மழையின் நேரமும் அளவும் விண்ணுலக ஆணையால் வரையறுக்கப்படுகின்றன. ஆணை மீறுவோர் தண்டிக்கப்படுகின்றனர். டிராகன் அரசர் என்னும் உருவம் தோன்றிய வரலாற்றையும், தாங் காலக் கதைகள், மிங் காலப் புதினங்கள் ஆகியவற்றில் அவ்வுருவம் பெறும் பொருளையும் ஆராயும் இக்கட்டுரை, டிராகன் அரசரின் முடி ஆட்சியுரிமையின் அடையாளம் அன்று, பொறுப்பேற்ற பதவியின் அடையாளமே என நிறுவுகின்றது.

திறவுச்சொற்கள்: லோங், லோங்-வாங், நாகராசன், மழை, விண்ணாணை, தாங் காலக் கதைகள், மேற்கு நோக்கிய பயணம்.

முன்னுரை

டிராகன் என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆதலால், தீயை உமிழ்ந்து புதையலைக் காக்கும் கொடிய விலங்கின் தோற்றமே அச்சொல்லைக் கேட்டதும் பலரது மனத்தில் எழுகின்றது. சீனர் 'லோங்' என வழங்கும் உயிரினம் இதனின்று முற்றிலும் வேறானது. லோங் நீருக்குரியது; மேகத்தோடும் மழையோடும் பிணைந்தது; பெரும்பாலும் நன்மை பயப்பது. இந்த லோங் அரசவடிவம் பெறும்போது 'லோங்-வாங்' எனப்படுகின்றது. 'வாங்' என்பதற்கு அரசர் என்பது பொருள்.

உழவை நம்பி வாழும் சமூகத்தில் மழை பொய்த்தால் பசி வரும். அந்நிலையில் மழைக்கு யார் பொறுப்பு, மழை பொய்த்தால் யாரைக் கேட்பது என்னும் வினாக்கள் உயிர்நிலை வினாக்களாகின்றன. டிராகன் அரசர்களைப் பற்றிய கதைகள் இவ்வினாக்களுக்குச் சீனச் சமூகம் தேடிய விடைகளாக அமைகின்றன. அவ்விடைகள் எளியனவாக இல்லை என்பதே இக்கதைகளின் சிறப்பு.

அரசராவதற்கு முன்

டிராகன் வடிவம் சீனத்தில் மிகத் தொன்மையானது. 1987ஆம் ஆண்டு ஹெனான் மாநிலத்தின் புயாங் பகுதியில் அகழப்பட்ட புதிய கற்காலக் கல்லறையில், இறந்தவரின் உடலருகே சிப்பிகளை அடுக்கி உருவாக்கிய டிராகன் வடிவம் காணப்பட்டது. வடகிழக்கில் ஹோங்ஷான் பண்பாட்டைச் சேர்ந்த பச்சைக்கல் டிராகன் வடிவங்கள் கிடைத்துள்ளன. ஷாங் அரசமரபுக் காலத்து எலும்பு எழுத்துகளில் லோங் என்பதற்குரிய குறி இடம்பெற்றுள்ளது.

இத்தொடக்கநிலை டிராகனுக்கு முடியும் இல்லை, அரண்மனையும் இல்லை. கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் தொகுத்த சொற்பொருள் நூல், டிராகனைச் செதிலுடைய உயிர்களுக்குத் தலைமையானதாகவும், இளவேனிலில் வானேறி இலையுதிர் காலத்தில் ஆழ்நீரில் ஒடுங்குவதாகவும் விளக்குகின்றது. உழவுப் பருவத்தின் சுழற்சியே இங்கு டிராகனின் இயக்கமாகக் காட்டப்படுகின்றது. மலைகள், கடல்கள் பற்றிய பழந்தொகுப்பாகிய 'ஷான்ஹாய்ஜிங்', யிங்லோங் என்னும் டிராகன் தெற்கே தங்கியதால் அங்கு மழை மிகுதி என்றும், வறட்சியில் மக்கள் அதன் உருவத்தைச் செய்து மழை பெற்றனர் என்றும் கூறுகின்றது. ஹான் காலச் சிந்தனையாளர் தோங் சோங்ஷூவின் பெயரால் வழங்கும் நூல் களிமண் டிராகன்களைக் கொண்டு மழை வேண்டும் சடங்கை விரித்துரைக்கின்றது.

இச்சான்றுகளில் டிராகன் ஓர் ஆற்றலாக இருக்கின்றதேயன்றி ஆளாக இல்லை. உருவம் செய்தால் மழை வரும் என்னும் நம்பிக்கையில் வேண்டுகோளுக்கும் தண்டனைக்கும் இடமில்லை. டிராகன் ஆளாக மாறிய பின்னரே பொறுப்பு என்னும் கருத்து அதனோடு இணைந்தது.

நாகராசன் லோங்-வாங் ஆதல்

அம்மாற்றத்திற்குப் பௌத்தம் பெருந்துணை புரிந்தது. இந்திய மொழிகளிலிருந்து பௌத்த நூல்களைச் சீனத்திற்குப் பெயர்த்தோர், நாகம் என்பதற்கு லோங் என்னும் சொல்லையே பெரிதும் வழங்கினர். நாகராசன் லோங்-வாங் ஆனான். கி.பி. 406இல் குமாரசீவர் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் தொடக்கத்தில் புத்தரின் அவையில் அமர்ந்திருக்கும் எட்டு நாக அரசர்கள் பட்டியலிடப்படுகின்றனர். நந்தன், உபநந்தன், சாகரன், வாசுகி, தட்சகன் முதலிய அப்பெயர்கள் சீன ஒலிவடிவில் வழங்கலாயின.

இந்திய நாகர்கள் நாடும் அரியணையும் உறவும் பகையும் உடையவர்கள். தமிழில் மணிமேகலை, மணிபல்லவத்திலுள்ள பீடிகைக்காக நாகநாட்டு மன்னர் இருவர் போரிட்டதையும், புத்தர் அப்பகையைத் தணித்ததையும் கூறுகின்றது. நீரோடு தொடர்புடைய நாகரை அரசராகக் காணும் இப்பௌத்த மரபே சீனத்திற்கும் சென்றது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி பாகியான், சங்காசியத்தில் வெண்காதுடைய 'லோங்' ஒன்று உரிய காலத்தில் மழை தந்து துறவியரைப் புரந்ததாகவும், அதற்குத் துறவியர் இல்லம் அமைத்துப் படையலிட்டதாகவும் எழுதியுள்ளார். இந்திய நாகத்தைச் சீனர் தம் லோங்காகவே கண்டனர் என்பதற்கு இது தெளிவான சான்று.

பட்டமளிப்பு

பௌத்தம் அரசவடிவைத் தந்தது. சீன அரசவையோ அவ்வடிவைத் தன் ஆட்சி ஒழுங்கிற்குள் கொண்டுவந்தது. கடல்தெய்வங்களுக்கு அரசு வழிபாடு செய்யும் வழக்கம் அங்கு முன்னரே இருந்தது. குவாங்சௌ நகரில் தென்கடல் தெய்வத்திற்குரிய கோயில் கி.பி. 594இல் சூய் அரசமரபின் ஆட்சியில் நிறுவப்பட்டது. கி.பி. 751இல் தாங் பேரரசர் சுவான்சோங் நான்கு கடல்களின் தெய்வங்களுக்கும் 'வாங்' என்னும் பட்டத்தை வழங்கினார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோங் பேரரசர் ஹுயீசோங், ஐந்து நிற டிராகன் தெய்வங்களுக்கும் அரசப் பட்டம் அளித்தார்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஹான் காலம் தொடங்கிச் சீன ஆட்சி வரிசையில் 'வாங்' என்பது பேரரசருக்குக் கீழ்ப்பட்ட நிலை. பேரரசரால் வழங்கப்பட்டு, அவராலேயே திரும்பப் பெறத்தக்கது. மானுடப் பேரரசர் கடல்தெய்வத்தை 'வாங்' ஆக்கும்போது மதிப்பையும் எல்லையையும் ஒருங்கே விதிக்கின்றார். டிராகன் தன் பிறப்பால் அரசராகவில்லை, ஆணையால் அரசராகின்றது. பின்னர் யூ-ஹுவாங் எனப்படும் விண்ணுலகப் பேரரசரின் அவை இலக்கியத்தில் விரிவாகச் சித்திரிக்கப்பட்டபோது, டிராகன் அரசர்கள் அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்களாயினர்.

மழை மிகுந்தபோது

கி.பி. 978இல் நிறைவுற்ற 'தாய்பிங் குவாங்ஜி' என்னும் பெருந்தொகுப்பு டிராகன் கதைகளுக்கு மட்டும் எட்டுப் பகுதிகளை ஒதுக்கியுள்ளது. அவற்றுள் ஒன்று, பிற்காலத்தில் தாங் அரசின் புகழ்மிகு தளபதியாக விளங்கிய லீ ஜிங் என்பவரின் இளமைக்கால நிகழ்ச்சியாகக் கூறப்படுகின்றது. வேட்டையில் வழிதவறிய அவர் மலையிலுள்ள மாளிகையொன்றில் இரவு தங்குகின்றார். அது டிராகன் மாளிகை. மழைபொழியுமாறு விண்ணாணை வந்தபொழுது அவ்வீட்டு மைந்தர் இருவரும் வெளியூரில் இருக்கின்றனர். முதிய தாய் அப்பணியை விருந்தினரிடம் ஒப்படைக்கின்றாள். குதிரை கனைத்து நிற்கும் இடங்களில் சிறு கலத்திலிருந்து ஒரு துளி நீரை அதன் பிடரிமயிரில் இடவேண்டும் என்பதே விதி.

வானில் செல்லும் லீ ஜிங், தமக்கு முன்பு உணவும் உறைவிடமும் தந்த சிற்றூரைக் கீழே காண்கின்றார். வறட்சியால் வாடும் அவ்வூருக்கு ஒரு துளி போதாது எனக் கருதி இருபது துளிகளை இடுகின்றார். மேலே ஒரு துளி என்பது மண்ணில் ஓரடி மழை என்பதை அவர் அறியார். நள்ளிரவில் இருபதடி வெள்ளத்தில் ஊர் மூழ்குகின்றது. திரும்பி வரும்போது, தடியடி எண்பது பெற்ற முதிய தாயை அவர் காண்கின்றார். மைந்தரும் உடன் தண்டிக்கப்பட்டனர்.

இக்கதையில் தீயோர் எவரும் இலர். நன்றியுணர்வே அழிவுக்குக் காரணமாகின்றது. மழையின் அளவு ஏன் ஒருவரது விருப்பத்திற்கு விடப்படவில்லை என்பதற்கு இக்கதை விடை தருகின்றது. அருள் மட்டும் போதாது. அளவறிந்த அருளே உயிர்காக்கும். அதே வேளையில், தவறு செய்தவர் ஒருவர், அடிபட்டவர் மற்றொருவர் என்னும் முரணையும் கதை மறைக்கவில்லை. பணியை ஒப்படைத்தவரே அதன் விளைவிற்குப் பொறுப்பு என்னும் ஆட்சிநெறி இங்கு செயற்படுகின்றது.

மழை குறைந்தபோது

'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் மிங் காலப் புதினத்தின் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூறு அத்தியாயப் பதிப்பு 1592ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இடம்பெறும் ஜிங் ஆற்று டிராகன் அரசரின் கதை இப்பொருளில் முதன்மையானது. 1408இல் நிறைவுற்ற 'யோங்லே' கலைக்களஞ்சியத்தில் இக்கதையின் முந்தைய வடிவமொன்று இடம்பெற்றிருப்பது, புதினத்திற்கு முன்பே இது வழங்கியதைக் காட்டுகின்றது.

சாங்ஆன் நகரச் சோதிடர் ஒருவரின் கணிப்பைக் கொண்டு மீனவன் ஒருவன் நாள்தோறும் மிகுதியாக மீன் பிடிக்கின்றான். தம் நீர்க்குடிகள் அழிவதைக் கண்டு சினந்த டிராகன் அரசர், அறிஞர் வேடத்தில் சோதிடரிடம் சென்று மறுநாள் மழையைப் பற்றிப் பந்தயம் கட்டுகின்றார். மழை 3 அடி 3 அங்குலமும் 48 துளிகளும் பெய்யும் என்கிறார் சோதிடர். மழைக்குப் பொறுப்பாளர் தாமே என்பதால் அரசர் நகைக்கின்றார். அரண்மனைக்குத் திரும்பியதும் விண்ணாணை வருகின்றது. அதிலும் அதே நேரம், அதே அளவு. பந்தயத்தில் வெல்லும் பொருட்டு அவர் நேரத்தை மாற்றி, 3 அங்குலமும் 8 துளிகளும் குறைத்துப் பொழிகின்றார். அக்குற்றத்திற்காக மரணதண்டனை விதிக்கப்படுகின்றது.

அத்தண்டனையை நிறைவேற்றவேண்டியவர் தாங் அவையின் அமைச்சர் வெய் செங் என்னும் மானுடர். டிராகன் அரசர் பேரரசர் தாய்சோங்கின் கனவில் தோன்றி அடைக்கலம் கேட்கின்றார். பேரரசரும் வாக்களித்து, குறித்த நேரத்தில் அமைச்சரைத் தம்முடன் பலகையாட்டம் ஆடவைக்கின்றார். ஆட்டத்தின் நடுவே உறங்கிய அமைச்சர் கனவிலேயே டிராகனின் தலையை வெட்டுகின்றார். குருதி சொட்டும் தலை வானிலிருந்து விழுகின்றது. வாக்குத் தவறியதாகப் பேரரசரை டிராகனின் ஆவி வாட்டுகின்றது. அதன் தொடர்ச்சியாகவே பேரரசரின் மறுவுலகப் பயணமும், சுவான்சாங் இந்தியாவிற்குத் திருமறை தேடிச் செல்வதும் நிகழ்கின்றன. புதினத்தின் பெரும்பயணம் முழுமைக்கும் சில அங்குல மழையின் குறைவு ஒரு தொடக்கமாகின்றது.

இக்கதையில் அரசர் இருவர் இடம்பெறுகின்றனர். ஒருவர் தம் ஆற்றலின் எல்லையை அறியாதவர். மற்றவர் தம் வாக்கின் எல்லையை அறியாதவர். இருவருக்கும் மேலாக விளங்குவது எழுதப்பட்ட ஆணை. அதனை நிறைவேற்றுபவரோ, உண்மை வரலாற்றில் பேரரசரையே இடித்துரைத்ததற்காகப் போற்றப்படும் அமைச்சர். மன்னரை இடித்துரைத்த அமைச்சரின் கையில் டிராகன் அரசரைத் தண்டிக்கும் வாளைத் தந்தமை பொருள்பொதிந்த தெரிவு எனலாம்.

மழை மறுக்கப்பட்டபோது

அதே புதினத்தின் 87ஆம் அத்தியாயம் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. ஃபெங்சியான் என்னும் நாட்டில் மூன்றாண்டுகள் மழையில்லை. மக்கள் பசியால் மடிகின்றனர். சுன் ஊகோங் என்னும் வானர வீரன் கிழக்குக் கடலின் அரசர் ஆவோ குவாங்கை அழைத்து மழை கேட்கின்றான். ஆணையின்றித் தம்மால் பொழிய இயலாது என அவர் விடையளிக்கின்றார். விண்ணுலகு செல்லும் வானரன் காரணத்தை அறிகின்றான். அந்நாட்டின் ஆட்சியர் சினத்தில் படையலைத் தள்ளிவிட்டு நாய்க்கு உணவாக்கினார்; அக்குற்றத்திற்காக மழை நிறுத்தப்பட்டுள்ளது. விண்ணுலகில் அரிசிமலை ஒன்றைச் சிறு கோழியொன்று கொத்துகின்றது. மாவுமலை ஒன்றை நாய் நக்குகின்றது. பொற்பூட்டு ஒன்றின் தண்டை விளக்குச்சுடர் சுடுகின்றது. இம்மூன்றும் முடிந்த பின்னரே மழை என்பது கட்டளை. ஆட்சியர் மனந்திருந்தியதும் மலைகள் சரிகின்றன; மழை வருகின்றது.

ஒருவர் செய்த பிழைக்கு நாடே பட்டினி கிடக்கின்றது. அருகிலேயே கடலளவு நீரும் அதற்கோர் அரசரும் உள்ளனர். ஆனால் ஆணை இல்லை. லீ ஜிங் கதையில் உயிர்காக்கும் வரம்பாகத் தோன்றிய விதி, இங்கு உயிர்கொல்லும் வரம்பாகத் தோன்றுகின்றது. புதினம் அங்கதச் சுவையோடு இதனைச் சொல்வதால், விண்ணுலகின் நீதியும் வினாவிற்கு உட்படுகின்றது.

அரச குடும்பம்: மகளும் மகனும்

பதவியின் சுமை டிராகன் அரசரோடு நிற்பதில்லை. அவர்தம் மக்கள் மீதும் விழுகின்றது. தாங் கால எழுத்தாளர் லீ சாவோவெய் இயற்றிய லியூ யீ கதையில், டோங்டிங் ஏரி அரசரின் மகள் ஜிங் ஆற்று அரசகுடும்பத்தில் மணம்செய்து கொடுக்கப்பட்டு, கணவனாலும் மாமன் மாமியாலும் கொடுமைப்படுத்தப்பட்டு, ஆடு மேய்க்கின்றாள். அரசுத் தேர்வில் தோற்று ஊர் திரும்பும் லியூ யீ அவளது கடிதத்தைத் தந்தையிடம் சேர்க்கின்றான். தந்தை கண்ணீர் விடுகின்றாரேயன்றிச் செயற்படவில்லை. செயற்படுபவர் அவருடைய தம்பியும் சியான்டாங் ஆற்றின் முன்னாள் தலைவருமானவர். முன்பு சினத்தால் பெருவெள்ளம் விளைத்ததால் பதவியிழந்து தூணில் பிணைக்கப்பட்டிருந்த அவர், சங்கிலியை அறுத்துச் சென்று அண்ணன் மகளை மீட்கின்றார். அம்மீட்பில் ஆறு இலட்சம் உயிர்கள் மடிந்தன என்றும் 800 லீ தொலைவிற்குப் பயிர் அழிந்தது என்றும் அவர் வாயாலேயே கதை கூறுகின்றது. அவர் விண்ணுலகிற்குச் சென்று நடந்ததை அறிவித்து மன்னிப்புப் பெற்றே திரும்புகின்றார். அடங்கிய அரசரால் மகளைக் காக்க இயலவில்லை; அடங்காத தம்பியால் பயிரைக் காக்க இயலவில்லை.

ஆண்மக்களின் நிலையும் இத்தகையதே. 'மேற்கு நோக்கிய பயணத்தில்' மேற்குக் கடல் அரசரின் மகன் அரண்மனை முத்தொன்றைத் தீயிட்டமைக்காகத் தந்தையாலேயே விண்ணவையில் குற்றம் சாட்டப்பட்டு மரணதண்டனை பெறுகின்றான். குவான்யின் அருளால் உயிர்பிழைத்து, சுவான்சாங்கின் வெண்குதிரையாகின்றான். மிங் காலத்து 'ஃபெங்ஷென் யான்யி'யில் சிறுவன் நெஜா, ஆவோ குவாங்கின் மூன்றாம் மகனைக் கொல்கின்றான். மகனை இழந்த அரசர் முதலில் படையெடுக்கவில்லை. விண்ணவையில் முறையிடவே புறப்படுகின்றார். மகன் மீது குற்றம் சாட்டும் தந்தையும், மகனுக்காக முறையிடும் தந்தையும் செல்லுமிடம் ஒன்றே.

இவற்றிற்கு மாறாகத் தாமரைச் சூத்திரத்தின் சீன வடிவில் சாகர நாகராசனின் எட்டு வயது மகள், புத்தருக்கு மணியொன்றை அளித்து நொடிப்பொழுதில் புத்தநிலை அடைகின்றாள். தந்தையின் பதவி வரிசைக்கு வெளியே அவளுக்கொரு வழி திறக்கின்றது. டிராகன் மரபின் மக்களுள் ஆணையைக் கடந்து விடுதலை பெற்றவளாக இச்சிறுமி விளங்குகின்றாள்.

ஊர்க்கோயிலில் டிராகன் அரசர்

இலக்கியத்தில் மேலிருந்து கேட்கப்பட்ட கணக்கை ஊரில் மக்கள் கீழிருந்து கேட்டனர். வட சீனச் சிற்றூர்களில் மழை வேண்டி டிராகன் அரசருக்குப் படையலும் ஊர்வலமும் நிகழ்த்தப்பட்டன. வேண்டியும் மழை வராவிடில், அவரது உருவத்தைக் கோயிலிலிருந்து வெளியே கொணர்ந்து வெயிலில் வைக்கும் வழக்கமும் இருந்தது. பயிர் காய்வதை அவரும் உணரட்டும் என்பது அதன் கருத்து. கடமை தவறிய அலுவலரைக் கண்டிக்கும் உரிமையே சடங்காக வெளிப்பட்டது எனலாம்.

பிரசென்ஜித் துவாரா 1988இல் வெளியிட்ட வட சீன ஊரகம் பற்றிய நூலில், ஹெபெய் மாநிலத்தின் சிங்தாய்ப் பகுதியில் பாசனக் கூட்டமைப்புகள் டிராகன் அரசர் கோயில்களை மையமாகக் கொண்டு இயங்கியதை விளக்குகின்றார். நீரைப் பங்கிடுவோர் ஒரே கோயிலில் கூடினர். நீருரிமை அக்கோயிலோடு பிணைந்திருந்தது. விண்ணாணையால் அளவிடப்பட்ட மழை, மண்ணில் கூட்டு ஒழுங்கால் அளவிடப்பட்ட வாய்க்கால் நீராயிற்று.

முடிவுரை

தொன்மைக் காலத்தில் பருவத்தின் ஆற்றலாக விளங்கிய லோங், பௌத்த நாகராசனின் வழியாக ஆளுருவம் பெற்று, தாங், சோங் அரசவைகளின் பட்டமளிப்பால் ஆட்சி வரிசையில் இடம்பெற்றது. அதன்பின் எழுந்த கதைகள் மழையின் மிகுதி, குறைவு, மறுப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் ஒரே வினாவை எழுப்புகின்றன. உயிர்காக்கும் ஆற்றல் உடையவர், அதனைப் பயன்படுத்தும் உரிமை இன்றி இருக்கும்போது பொறுப்பு யாருடையது?

லீ ஜிங் கதை விதியின் தேவையையும், ஜிங் ஆற்று அரசரின் கதை விதியின் கடுமையையும், ஃபெங்சியான் கதை விதியின் அநீதியையும் காட்டுகின்றன. மூன்றும் சேர்ந்தே டிராகன் அரசரின் முழுவடிவம் தோன்றுகின்றது. அவர் மேலே ஆணைக்கும் கீழே குடிகளுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவர். இரு திசையிலும் தண்டிக்கப்படத்தக்கவர். ஆதலின் டிராகன் அரசரின் முடி, ஆளும் உரிமையைக் காட்டிலும் விடைசொல்லும் கடமையையே குறிக்கின்றது என்பது இவ்வாய்வின் வழிப் புலனாகின்றது.